ரேண்டம் எண்ணைத் திட்டாதீர்கள்

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு ரேண்டம் எண் தருகிறார்கள். அதைப் பார்த்ததும் வீடுகளில் புலம்பல் ஆரம்பிக்கிறது: “என்னப்பா இது, பிள்ளையோட படிப்பு லாட்டரியா?”

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஆக 200க்குக் கட்-ஆஃப். அதில் இருவர் சமமானால் கணித மதிப்பெண், அப்புறம் இயற்பியல் என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். பிறந்த தேதி வரை எல்லாமே ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம் எண்ணுக்கே வேலை. விதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு உருட்டும் பகடை அது.

லாட்டரி வேறு இடத்தில் நடக்கிறது. ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. கலந்தாய்வு தொடங்க ஜூலை ஆகிவிடும். பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோ அதற்குள் சீட் ஒதுக்கி, “இந்தத் தேதிக்குள் கட்டுங்க, இல்லன்னா சீட் போயிடும்” என்கின்றன. போன வருஷக் கட்-ஆஃப் கையில் இருக்கிறது. இந்த வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எத்தனை பேர் பாய்வார்கள் என்று அது சொல்லாது. அந்த இடைவெளியில்தான் அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது.

சீட்டை விட்டால் பணத்தைத் திருப்பித் தர யுஜிசி விதி இருக்கிறதே என்பீர்கள். சரி, அடகு வட்டியை யார் திருப்பித் தருவது?

பெற்றோரின் பேராசையைக் கிண்டலடிப்பது சுலபம். அவர்கள் காசு கொடுத்து வாங்குவது கொஞ்சம் நிம்மதியை. அந்த நிம்மதிக்கு விலை வைப்பவர்களைக் கேளுங்கள். கலந்தாய்வு முடியும்வரை எந்தக் கல்லூரியும் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஏன் ஒரு விதி இல்லை?