விற்றுவிட்டால் புகை குறையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எரிசக்தி நிறுவனங்களின் கரிம வெளியேற்றம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை சொல்வது சரியே. ஆனால் மின்நிலையத்தையே விற்றுவிட்டால் கணக்கு என்னாகும் என்பதை அது தொடவில்லை.

சிங்கப்பூரின் எரிசக்தி நிறுவனமான செம்ப்கார்ப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் அதற்கு 2,640 மெகாவாட் திறனுள்ள நிலக்கரி மின்நிலையங்கள் இருந்தன. 2022 செப்டம்பரில் அவற்றை ஓமானின் தன்வீர் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் விற்பனை முடிந்தது. நிறுவனத்தின் கரிமக் கணக்கு சட்டென்று இறங்கியது. நெல்லூரில் நிலக்கரி எரிவது நிற்கவில்லை. விலை சுமார் 210 கோடி வெள்ளி; அதை வாங்கியவர் தவணையில் செலுத்த ஏற்பாடு. வெளியேற்றத்தைக் குறைத்தால் வட்டியில் சலுகை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். எதுவும் மறைத்துச் செய்யப்படவில்லை.

பஃப்ளோ சாலையில் மளிகைக் கடை நடத்தும் இந்த வாசகர், பழைய குளிர்பதனப் பெட்டியை உறவினர் கடைக்குக் கொடுத்தார். இங்கே மின்கட்டணம் குறைந்தது. பெட்டி அங்கே அதே மின்சாரத்தைத்தான் தின்கிறது!

நெல்லூர்ப் புகையைச் சிங்கப்பூரின் கரிம வரியும் தொடாது. அந்த வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி. 2024இல் 25 வெள்ளி. அதுவும் சிங்கப்பூருக்குள் வெளியாகும் புகைக்கு மட்டுமே.

ஆகவே பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் விற்பனையால் குறைந்தது எவ்வளவு, உண்மையாகவே குறைத்தது எவ்வளவு என்று தனித்தனியே காட்ட வேண்டும். விற்ற நிலையத்தின் வெளியேற்றத்தையும், பணம் முழுவதும் வந்துசேரும்வரையாவது, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பங்குச் சந்தை நிர்வாகம் இதைக் கட்டாயமாக்குமா?

ஒரு வாசகர்,
லிட்டில் இந்தியா