ஃபார்மட்டுக்கு முன்னால்

சத்தியமங்கலத்தில் பூ கமிஷன் கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வந்தால், அதற்குள் டேலி இருக்கும், விவசாயிகளின் முன்பணக் கணக்கு இருக்கும். போர்டு போய்விட்டது என்றதும் கடைக்காரர் விலையைக் கேட்பதில்லை. "கணக்கெல்லாம் அதுலதானுங்க இருக்குது, போயிராதுங்களே?" என்பதுதான் முதல் கேள்வி. அப்படியிருந்தும், புது போர்டு போட்டபின் விண்டோஸ் ஏறவில்லை என்றால் உடனே ஃபார்மட் என்று சொல்லும் பழக்கம் நம் தொழிலில் போகவில்லை. பல நேரம் அந்த டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது.

டிஸ்ப்ளேயே வராத கேஸ் நமக்குப் பழகியது. 24 பின் கேபிளை மாட்டிவிட்டு, சிபியு அருகிலுள்ள 4 அல்லது 8 பின் பவரை மறந்திருப்போம். ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும். தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் ஸ்க்ரூ நின்று ஷார்ட் ஆகும். எஃப் என்று முடியும் இன்டெல் சிபியுவில் கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டின் ஹெச்டிஎம்ஐயில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் படம் வராது. டிடிஆர்5 போர்டுகளுக்கு மட்டும் பொறுமை வேண்டும். முதல்முறை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் பிடிக்கலாம். இடையில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து.

லோகோ வந்தபின் நிற்பதுதான் டேட்டாவுக்கு ஆபத்தான இடம். பழைய ஹெச்61, ஹெச்81 மெஷின்களில் விண்டோஸ் பெரும்பாலும் லெகசி முறையில், எம்பிஆர் டிஸ்க்கில் ஏற்றப்பட்டிருக்கும். புது போர்டுகள் யுஇஎஃப்ஐயில் தொடங்குகின்றன. இன்டெல் 500 வரிசை முதல், ஆன்போர்டு டிஸ்ப்ளேயில் லெகசியை ஆன் செய்யவே முடியாது. பயாஸில் டிஸ்க் தெரியும், பூட் பட்டியலில் இருக்காது. இங்கேதான் 'ஹார்ட்டிஸ்க் போச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள். முதலில் டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டி ஒரு காப்பி எடுங்கள். பிறகு விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி, எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை வேலிடேட் என்று ஒருமுறையும், அது தேறினால் கன்வர்ட் என்று ஒருமுறையும் ஓட்டுங்கள். 2017இல் விண்டோஸ் 10-இன் ஒரு அப்டேட்டுடன் வந்த வசதி இது. பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் ஒத்துக்கொள்ளாது.

நீலத்திரையில் 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால் ஸ்டோரேஜ் மோடைப் பாருங்கள். டெல் பிராண்டட் மெஷின்கள் பல ரெய்டு ஆனில் வருபவை. அந்த டிஸ்க்கை ஏஹெச்சிஐ போர்டில் மாட்டினால் விண்டோஸ் தடுமாறும். ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றினாலே பல நேரம் சரியாகிவிடுகிறது.

பிட்லாக்கர்தான் நம் ஆட்கள் இன்னும் சரியாகக் கணக்கில் எடுக்காதது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகவே பூட்டப்படலாம். போர்டு மாறியதும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி அந்தக் கணக்கில் இருக்கும். கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் யார் என்றால், பல இடங்களில் மெஷினை விற்ற கடைப் பையன். பாஸ்வேர்டு அவனுக்கும் நினைவில்லை, வாடிக்கையாளருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. தவறுதலாக ஃபார்மட் ஆன ஹார்ட்டிஸ்க்கில்கூட எதையாவது மீட்கலாம். சாவி இல்லாத பிட்லாக்கரில் ஒரு எழுத்துகூடக் கிடைக்காது. பழைய போர்டு அரைகுறையாக ஓடினாலும், கழற்றுமுன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். ஓடவே இல்லையென்றால் சாவி கைக்கு வரும்வரை வேலையைத் தொடங்காதீர்கள். மெஷின் வாங்கும்போது எழுதும் ஜாப் கார்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கி, வாடிக்கையாளர் கையெழுத்தும் வாங்கலாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும் என்பதால் போர்டு, சிபியு, ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றக் கேட்டு வருகிறார்கள். இப்படி அப்கிரேடுக்காக மாற்றும்போது, மெஷினோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு போய்விடும். புது லைசென்ஸ் செலவைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகக் காட்டுங்கள். டெலிவரி அன்று சொன்னால் பாதிப் பேர் கொடுக்க மாட்டார்கள்.