பட்டியல் இல்லாத தீவுகள்

தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர்கள் கூலிக்குக் கைநீட்டாமல் சொந்தத் தொழில் தொடங்க அரசுகள் உதவ முன்வந்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆதிதிராவிடர், பழங்குடியினரின் புதுத் தொழில்களுக்கென்று தமிழக அரசு 2022-23-ல் ரூ.30 கோடி ஒதுக்கியது. முதன்முறையாகத் தொழில் தொடங்கும் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு ரூ.2 கோடி வரை கடன் என்று மத்திய அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது.

அந்தமான் தமிழருக்கு இதில் பங்கு என்ன? இத்தீவுகளில் பழங்குடியினர் பட்டியல் உண்டு. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் இல்லை. அரசியல் சட்டத்தின் 341-வது பிரிவின்படி இங்கு ஒரு சாதியும் அறிவிக்கப்படவில்லை. குடிபெயர்ந்தவருடன் சலுகையும் புதிய மாநிலத்துக்கு வராது என்று சுப்ரீம் கோர்ட் 1990-ல் தீர்ப்பளித்தது. ஆகவே பூர்வீக ஊர்ச் சான்றிதழே கதி. இலங்கையிலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவரின் பேரன் அதை எந்த ஊரில் போய்க் கேட்பான்?

கடல் தாண்டியதால் வறுமை கழிந்துவிடவில்லை, சலுகைதான் கழிந்தது. நிர்வாகம் தீவுதோறும் முகாம் நடத்தி, பூர்வீக ஆவணங்களைத் தமிழக அரசிடம் கேட்டுப் பெற்று, சான்றிதழ் கிடைக்க வழி செய்ய வேண்டும். பட்டியல் கோரிக்கை பார்லிமெண்டில் ஒலிக்க வேண்டும். காகிதம் இல்லாத குற்றத்துக்காக உழைப்பவனின் கடையைத் திறக்கவிடாமல் செய்வது நியாயமல்ல.