ரத்தம் பாப்பிரெட்டிப்பட்டியிலேயே எடுக்கப்பட வேண்டும்: ஐஎன்ஆர் பரிசோதனை குறித்து எங்கள் நிலைப்பாடு

இதய வால்வு அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செலவில்லாமல் நடந்துவிடுகிறது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். உலோக வால்வு வைத்தவர் ஆயுள் முழுக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிட வேண்டும். அளவு சரியா என்று, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மைட்ரல் வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், பக்கவாதம் வரும். மிஞ்சினால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தக்கசிவு. சித்தேரி மலையிலிருந்து ஒருவர் இதற்காகக் கூலியை விட்டுத் தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டுமென்றால், சில மாதம் போவார், பிறகு தள்ளிப்போடுவார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை.

ஆய்வக நுட்புநர்களும் நோயாளிகளின் குடும்பத்தினரும் சேர்ந்த எங்கள் அமைப்பு கேட்பது இதுதான்: பாப்பிரெட்டிப்பட்டி அரசு மருத்துவமனையிலும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காலையில் ரத்தம் எடுத்து, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முடிவும், மருத்துவர் சொல்லும் மாத்திரை அளவும் அன்றே போனில் வர வேண்டும்.

இது முடியாத காரியமல்ல. நீல மூடிக் குழாயில் சோடியம் சிட்ரேட் இருக்கிறது. அதில் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு. கோடு வரை நிரப்பி, மெல்லக் கவிழ்த்துக் கலந்து, மூடி திறக்காமல் வெயில் படாத அறை வெப்பத்தில் வைத்தால் ஐஎன்ஆருக்கு 24 மணி நேரம் வரை தாங்கும். ஐஸ் பெட்டி வேண்டாம். குளிரில் ஏழாம் உறைகாரணி தூண்டப்பட்டு முடிவு மாறும். கோட்டுக்குக் கீழே நின்ற குழாயை ஆய்வகம் ஏற்கவே கூடாது. அதில் ஐஎன்ஆர் பொய்யாகக் கூடிக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் வால்வு அடைத்துக்கொள்ளும்.

ரத்தம் உறையும் விநாடிக் கணக்கு மட்டும் உள்ள ரிப்போர்ட்டும் போதாது. ரீஏஜென்டுக்கு ரீஏஜென்ட் விநாடி மாறும். அதைச் சரிக்கட்டத்தான் உலக சுகாதார நிறுவனம் 1983-இல் ஐஎன்ஆர் முறையைக் கொண்டுவந்தது.

பரிசோதனையே தேவைப்படாத புதிய மாத்திரைக்கு மாறலாமே என்கிறார்கள். உலோக வால்வுக்குக் கூடாது: டாபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வு, ஆபத்து கூடியதால் 2012-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் இதயநோயோடு இதயத்துடிப்புக் கோளாறும் உள்ளவர்களில் பழைய மாத்திரையே உயிர்காப்பதில் மேல் என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது.

பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவருகிறது. அந்த ஊழியர்களின் பட்டியலில் வால்வு நோயாளிகளையும் சேர்த்து, ஐஎன்ஆர் தேதி தவறியவரை வீட்டுக்கே போய் விசாரிக்க வேண்டும். கடையில் வாங்கிய வலி மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்றும் கேட்க வேண்டும்.