பொய்ச்சண்டைக்கு விதி எதற்கு என்போருக்கு

தொழில்முறை மல்யுத்தம் என்று எவரேனும் வாய் திறந்தவுடன் கல்விப்புலத்தில் எழும் முதற்குரல் ஒன்றே: "அது பொய்யாயிற்றே." அந்த மல்யுத்தத்தைப் பார்ப்பவருக்கும் ஒரு படி கீழே வைக்கப்படுகிறவர், கணினியில் ஒரு கற்பனை மல்யுத்த நிறுவனத்தை நடத்துகிறவர். ஆடம் ரைலண்ட் உருவாக்கிய 'டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்' போன்ற விளையாட்டுகளில் ஆடுபவர் வளையத்துக்குள் இறங்கி மோதுவதில்லை. எவர் எவரோடு மோதுவது, எவர் வெல்வது, பட்டம் எவர் இடுப்பில் எத்தனை மாதம் கிடப்பது என்று தீர்மானிக்கும் 'புக்கர்' ஆக அமர்கிறார். அவர்களுள் பலர் தமக்கென்று விதிமுறைகளை எழுதி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். பொய்ச்சண்டை நடத்தும் பொய் நிறுவனத்துக்கு மெய்யான விதிமுறையா என்று நகைப்பது எளிது. ஆனால் அந்த விதிமுறைகள் நகைப்புக்கு உரியவை அல்ல, கண்டனத்துக்கு உரியவை. இரண்டும் வெவ்வேறு.

முதலில் 'பொய்' என்னும் சொல்லைத் தீர்த்துவிடலாம். முடிவு முன்னரே தெரிந்திருப்பதுதான் பொய் என்றால், வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் படுகளம் முழுப்பொய். மண்ணால் செய்த பேருருவாகத் துரியோதனன் களத்தில் கிடக்கிறான். கூத்துக் கலைஞர்கள் அவனைச் சுற்றிப் பொருதுகிறார்கள். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வெயிலில் கூடுகிறார்கள், தெரிந்திருப்பதாலேயே கூடுகிறார்கள் என்றும் சொல்லலாம். அங்கே எவரும் எழுந்து நின்று, இது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட சண்டை என்று துப்பறிந்து சொல்வதில்லை. கேட்பவரை ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தான் ஒரு கூற்று பொய்யாகும். கேட்பவரும் உடன்பட்டு நிற்கும் கூற்றுக்குக் கூத்து என்று பெயர். (ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூல் மல்யுத்தம் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்குகிறது. நம் கருத்தரங்குகளுக்குப் பார்த் நினைவுக்கு வருவார், படுகளம் வராது.) மல்யுத்த நிறுவனங்களோ இந்த உடன்பாட்டைத் தம் வசதிக்கேற்பவே கையாண்டன. நடப்பதெல்லாம் மெய்யே என்று வெளியே காட்டிக்கொள்ளும் வழக்கத்துக்கு அத்தொழிலில் 'கேஃபேப்' என்று பெயர். நெடுங்காலம் கட்டிக் காத்த அந்த வழக்கத்தை, நியூ ஜெர்சி மாநிலத்தின் விளையாட்டுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக 1989இல் வின்ஸ் மக்மேனின் நிறுவனமே, தாங்கள் நடத்துவது போட்டியன்று, பொழுதுபோக்கு என்று அரசிடம் சொல்லி உடைத்துக்கொண்டது.

ஆகவே முடிவை முன்னரே எழுதுவதில் குற்றம் இல்லை. எழுதுகிறவர் எதைக் கணக்கில் எடுக்கிறார் என்பதே கேள்வி. கற்பனை நிறுவனத்தை நடத்துவோரின் விதிமுறைகளில் திரும்பத் திரும்ப வருபவை இவை: பட்டம் வைத்திருப்பவர் எளிதில் தோற்கக் கூடாது. அவருடைய இறுதித் தாக்குதலிலிருந்து எவரும் எழுந்துவிடக் கூடாது. ஒரு பகை மூன்று மாதத்துக்கு மேல் நீளக் கூடாது. நாயகன் வில்லனாகவும் வில்லன் நாயகனாகவும் அடிக்கடி மாறக் கூடாது. அறிவுடைய விதிகள்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் இவற்றில் முக்கால் பங்கு வெல்பவரைப் பற்றியவை. தோற்பவர் இவ்விதிகளில் ஒரு சொல்லாகக்கூட இடம்பெறுவதில்லை. ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு தோல்வி செலவாகிறது என்பது எளிய கணக்கு. பத்துப் பேரை உச்சத்தில் நிறுத்த விரும்புகிற புக்கர், எந்த இருபது பேரின் மீது அவர்களை நிறுத்துகிறோம் என்று எழுதி வைப்பதில்லை. புக்கரின் தொழில் தோல்வியைப் பங்கிடும் தொழில். வெற்றிப் பட்டியலை மட்டும் எழுதிவிட்டு அதை விதிமுறை என்று அழைப்பது, வரவை மட்டும் எழுதிவிட்டுக் கணக்குப் புத்தகம் என்று அழைப்பது போன்றது.

இப்பழக்கத்தின் வேர் நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. உயரம், எடை, ரேங்க் என்று எண்களை அச்சிட்ட ட்ரம்ப் கார்டுகளை வைத்து ஒரு தலைமுறை மல்யுத்தத்தைக் கற்றது. பெரிய எண் சின்ன எண்ணைத் தின்னும், தின்னப்பட்ட அட்டை கைமாறும், அவ்வளவே. கணினி விளையாட்டு அந்த அட்டையை நுணுக்கமாக்கி, நூற்றுக்கு இத்தனை என்று திறமையையும் புகழையும் அளந்து கொடுக்கிறது. அளவைகள் கூடினவே ஒழிய, தோற்றவன் எங்கே போனான் என்ற கேள்வி அட்டையிலும் இல்லை, கணினியிலும் இல்லை.

தமிழ்ப் பேச்சு வழக்கே இதற்கு மாறாகச் சாட்சி சொல்கிறது. வலிமை காட்டி மிரட்டுகிறவனைப் பார்த்து, "பெரிய தாராசிங்குன்னு நினைப்போ?" என்று கேட்கிறோம். ஆனால் தாராசிங் என்ற பெயர் தனியே வந்ததில்லை, கிங்காங்கோடு சேர்ந்து வந்தது. ஹங்கேரியைப் பூர்வீகமாகக் கொண்ட எமில் சாயா என்பவரே அந்தக் கிங்காங். 1950களில் இருவரும் மோதிய ஆட்டங்களின் முடிவு எப்படி எட்டப்பட்டது என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார், இரண்டு பெயரும் நிலைத்தன என்பதே இங்கு வேண்டுவது. வெல்லப்பட்டவன் மலையாக நின்றதால்தான் வென்றவனின் கதை அரை நூற்றாண்டு கடந்தும் வாழ்கிறது. கிங்காங்கைப் பத்து நிமிடத்தில் உருட்டித் தள்ளும் துச்சமான உருவமாக மக்கள் கண்டிருந்தால், தாராசிங் இன்னொரு பயில்வானாகவே மறந்துபோயிருப்பார்.

நேர் எதிரான பாடம் 2017இல் கிடைத்தது. கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியினரான ஜிந்தர் மஹால், உலகின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனத்தில் அதுவரை பெரும்பாலும் தோற்பதற்கென்றே களம் இறக்கப்பட்டவர். அந்த ஆண்டு மே 21 அன்று ராண்டி ஆர்ட்டனை வென்று தலைமைப் பட்டம் பெற்றார். இந்தியச் சந்தை அம்முடிவின் பின்னே இருந்தது என்பதைப் பார்வையாளர் உணர அதிக நேரம் ஆகவில்லை. பட்டம் கொடுத்தார்கள், ஆனால் பாத்திரம் பழையதே: தலைப்பாகை, பஞ்சாபிப் பேச்சு, பக்கத்தில் நின்று குறுக்கு வழியில் காப்பாற்றும் இரண்டு அடியாட்கள், அமெரிக்கரை வெறுக்கும் அந்நியன். செப்டம்பரில் ஜப்பானியரான நாகமுராவின் முகத்தை இனவெறியோடு கேலி செய்யும் உரையும் அவர் வாயில் வைக்கப்பட்டது. 170 நாள் கழித்து, நவம்பர் 7 அன்று மான்செஸ்டரில் பட்டத்தை ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் இழந்தார். டிசம்பர் 9 அன்று, எந்த ரசிகருக்காக அவரை உயர்த்தினார்களோ அந்த ரசிகர் நிறைந்த டெல்லி அரங்கில், நிறுவனத்தின் உயரதிகாரியுமான டிரிபிள் எச்சிடம் தோற்றார்.

இதை இந்தியருக்கு இழைத்த அவமானம் என்று கொதிப்பவர்கள் உண்டு. அந்தக் கொதிப்பு சற்று மலிவானது. பிழை வேறிடத்தில் இருக்கிறது. பல ஆண்டு எவ்விதப் பொருளும் இன்றித் தோற்க வைக்கப்பட்ட ஒருவரை ஒரு மாதத்தில் மலையாக்க முடியாது. முந்தைய தோல்விகள் எண்ணிக்கையாக மட்டுமே எழுதப்பட்டன, கதையாக எழுதப்படவில்லை. அதனால் வெற்றியும் எண்ணிக்கையாகவே விழுந்தது.

உடலைப் பற்றியும் இவ்விதிமுறைகள் வாய் திறப்பதில்லை. கணினியில் காயம் என்பது மூன்று மாதம் ஓய்வு என்ற ஒரு வரி. 1999 மே 23 அன்று கேன்சஸ் சிட்டி அரங்கில் உயரத்திலிருந்து விழுந்து ஓவன் ஹார்ட் இறந்தார், நிகழ்ச்சி தொடர்ந்தது. தொடரலாம் என்று முடிவெடுத்ததும் ஒரு புக்கிங்தான். எதை நடத்துவோம் என்று ஐம்பது வரி எழுதுகிறவர், எந்நிலையில் நிறுத்துவோம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரா?

இது தனியறையில் ஒருவர் ஆடும் ஆட்டம், இதில் எவருக்கு நட்டம் என்று கேட்கப்படும். ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். அந்தமானில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரின் டாலிகஞ்ச்சில் வளரும் தமிழ் மாணவர் ஒருவர் தம் ஊரிலேயே ஒரு கற்பனை நிறுவனத்தைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, பக்கத்து வீட்டில் வங்காளமோ தெலுங்கோ மலையாளமோ. ராஞ்சியர் என்று அழைக்கப்படும் சோட்டா நாக்பூர் வழியினர், மாயாபந்தர்ப் பக்கத்துக் கரேன்கள், நிக்கோபாரிகள் எல்லோரும் ஒரே அரங்கில் அமரக்கூடிய ஊர். அமெரிக்க வார்ப்பில் முதல் வில்லன் வேற்று மொழி பேசும் அந்நியன். ஏறக்குறைய எல்லோரும் வந்தேறிகளாகவோ வந்தேறிகளின் பேரப்பிள்ளைகளாகவோ இருக்கும் தீவில் அந்நியன் எவன்? அவர் ராஞ்சியரை வில்லனாக்கினால் ஒரு விடை, நிலப்பரப்பிலிருந்து வந்து இறங்கும் ஒப்பந்தக்காரனை வில்லனாக்கினால் வேறொரு விடை. விளையாட்டு இரண்டுக்கும் நூற்றுக்கு எழுபது என்று ஒரே மதிப்பெண்ணைப் போட்டுவிடக்கூடும், அதற்கு அந்தமானைத் தெரியாது. அம்மாணவர் தம் விதிமுறைத் தாளில் எழுத வேண்டிய முதல் வரி அங்கே இருக்கிறது: இவ்வூரில் எவரை, எவர் கண்முன், என்ன காரணம் காட்டித் தோற்க வைப்பது. பட்டம் எத்தனை மாதம் என்பதை அதற்கு அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.