துப்பு கிடைச்சும் கோட்டை விட்டது எப்படி? போலீஸ் விரிக்கும் கம்ப்யூட்டர் வலை

சென்னை:
‘சாகர் கவாச்' ஒத்திகை என்றால் திருவான்மியூர் குப்பம், ஈ.சி.ஆர். பக்கமெல்லாம் ஒரே பரபரப்புதான். தீவிரவாதி வேஷத்தில் போலீசாரே படகில் வருவார்கள். அவர்களை போலீசாரே மடக்குவார்கள். “புது ஆளு, புது போட்டு கண்ணுல பட்டா 1093-க்கு ஒரு போன் போடுங்க” என்று மீனவர்களுக்கு அட்வைஸ் வேறு.

சரி, போன் போட்டாச்சு. தகவல் அப்புறம் எங்கே போகும்? அங்கேதான் சிக்கலே.

2008 நவம்பர் 26-ந்தேதி கடல் வழியாக மும்பைக்குள் புகுந்த 10 தீவிரவாதிகள் 166 பேரை பலி வாங்கினார்கள். கடல் வழியாக தாக்கலாம் என்று உளவுத்துறைக்கு முன்பே துப்பு வந்திருந்தது. வேவு பார்த்த ஹெட்லி பலமுறை மும்பைக்கு வந்து ஹாயாக ஓட்டலில் தங்கிப் போனான். விசா பேப்பர் ஓரிடம், விமான டிக்கெட் ஓரிடம், ஓட்டல் கணக்கு ஓரிடம். சேர்த்துப் பார்க்கத்தான் நாதியில்லை.

அதன் பிறகு ப.சிதம்பரம் உள்துறை மந்திரியாக இருந்தபோது வந்ததுதான் ‘நாட்கிரிட்'. பேங்க், ரெயில், விமானம், விசா என தனித்தனியாக கிடக்கும் விவரங்களை உளவு அமைப்புகள் ஒரே இடத்தில் கேட்டு வாங்கும் ஏற்பாடு. 2009-ல் ஒப்புதல் பெற்ற ‘சி.சி.டி.என்.எஸ்.' போலீஸ் ஸ்டேஷன்களை இணைக்கிறது. ஒரு ஊர் எப்.ஐ.ஆரில் சிக்கியவன் இன்னொரு ஊரில் நல்லவன் வேஷம் போட முடியாது.

மிஷின் மட்டும் இருந்தால் போதுமா? இலங்கையைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 4-ந்தேதியே இந்தியா துப்பு கொடுத்தது. சூத்திரதாரி சஹ்ரானின் பெயரும் அதில் இருந்தது. 21-ந்தேதி ஈஸ்டர் அன்று சர்ச், ஓட்டல்களில் குண்டு வெடித்து 250 பேருக்கு மேல் பலி. லெட்டர் மேஜை மேஜையாக சுற்றியதுதான் மிச்சம். கோட்டை விட்ட மாஜி அதிபர் சிறிசேனா 10 கோடி ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு போட்டது ஒரு போடு!

நம்ம ஏரியா கதைக்கு வருவோம். 2012 பிப்ரவரியில் பக்கத்து வேளச்சேரியில் பேங்க் கொள்ளை ஆசாமிகள் 5 பேர் என்கவுன்டரில் சுடப்பட்டனர். வாடகை வீட்டில் பதுங்கியிருந்தவர்கள். உடனே, குடியிருப்போர் விவரத்தை வீட்டு ஓனர்கள் ஸ்டேஷனில் தரவேண்டும் என்று உத்தரவு பறந்தது.

வெளியூரில் இருந்து பொழைக்க வந்து ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவருக்கு பயம் வேறு மாதிரி. “தப்பே பண்ணாத எம் பேரு லிஸ்ட்ல ஏறிட்டா, யார்கிட்ட போய் அழிக்கச் சொல்றது?” என்று அவர் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆபீசர் வேண்டும். வாங்கிய பாரம் பேப்பராகவே கட்டிக் கிடந்தால், எந்த கம்ப்யூட்டராலும் அதைப் படிக்க முடியாது.