வல்லூறுக்கு இறக்கை கொடுத்தவர்கள்

"கறுப்பனுக்கும் ஒரு இடம் குடுத்துட்டான் பாருங்க, அதுவும் 1969-லேயே" என்று சாம் வில்சனைக் காட்டிப் பூரித்துப்போகிற தோழர்கள் நம்மிடையே உண்டு. 2025-ல் சினிமாவில் அவனே கேப்டன் அமெரிக்காவாக வந்து நின்ற பிறகு பூரிப்பு இன்னும் ஏறிவிட்டது. கொடுத்தவன் யார், கொடுத்தது எந்த இடம், கொடுப்பதற்கு முன்னால் அந்த ஆள் எங்கே நின்றுகொண்டிருந்தான்? இதைக் கேட்க மட்டும் ஆளில்லை.

1969 செப்டம்பர் தேதியிட்ட 'கேப்டன் அமெரிக்கா' 117-ஆம் இதழை எடுத்துக்கொள்வோம். எழுத்து ஸ்டான் லீ, படம் ஜீன் கோலன். ரெண்டு பேருமே வெள்ளையர். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டு ஒன்றரை வருஷம்கூட ஆகாத நேரம். கதை ஒரு தீவில் நடக்கிறது. ரெட் ஸ்கல் என்கிற நாஜி வில்லனின் பழைய கூட்டாளிகள் அங்கே வந்து குந்திக்கொண்டு, தீவு மக்களை அடிமைகளாக வைத்திருக்கிறார்கள். ஹார்லெம்காரன் சாம் வில்சன் பறவை பழக்குகிறவன். வேட்டை வல்லூறு வேண்டும் என்ற விளம்பரத்தை நம்பி அங்கே போகிறான். போனவன் என்ன செய்தான்? நடக்கிற அக்கிரமத்தைப் பார்த்து அந்த மக்களோடேயே தங்கிவிட்டான். எதிர்த்து நில்லுங்கள் என்று அவர்களைத் திரட்டினான். கேப்டன் வந்து சேர்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

வந்த கேப்டன் சொல்கிற யோசனை இது: ஒரு உடுப்பு மாட்டிக்கொள், ஒரு பட்டப்பேர் வைத்துக்கொள், சண்டை நான் கற்றுத்தருகிறேன். இப்படிப் பிறந்தவன்தான் ஃபால்கன். சனங்களைத் திரட்டத் தெரிந்தவனுக்குக் குட்டிக்கரணம் போடக் கற்றுக்கொடுத்து, அதற்குப் பேர் விடுதலை என்று எழுதிவிட்டார்கள். தலைவனாக இருந்தவன் இரண்டாம் ஆளானது எந்தப் பக்கத்தில் என்று வாசகனுக்கே தெரியாது. அவ்வளவு நைசான வேலை.

அதே 1969 டிசம்பர் 4 விடியற்காலையில், சிகாகோவில் ஃபிரெட் ஹாம்ப்டன் படுத்திருந்த வீட்டுக்குள் புகுந்து போலீஸ் சுட்டுக் கொன்றது. இல்லினாய் கருஞ்சிறுத்தைக் கட்சித் தலைவர். வயசு 21. பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போட்டவர், ஏழை வெள்ளையரையும் சேர்த்து அணிதிரட்டியவர். காகிதத்தில் திரட்டுகிறவனுக்கு உடுப்பு, தரையில் திரட்டுகிறவனுக்குத் தோட்டா. 1972-ல் பம்பாய் தலித் இளைஞர்கள் 'பேந்தர்' என்ற பேரை எடுத்தது இந்தக் கட்சியிடமிருந்துதான், மார்வெல் கம்பெனியின் பேந்தரிடமிருந்து அல்ல.

சைட்கிக் என்பதைத் 'தோழன்' என்று மொழிபெயர்க்கிறார்கள். பொய். எடுபிடி என்று போடுங்கள். முத்து காமிக்ஸில் மாண்ட்ரேக் படித்து வளர்ந்த நமக்கு லோதாரைத் தெரியாதா? 1934-ல் அறிமுகமானவன். ஆப்பிரிக்க ராஜகுமாரன் என்று பேர். சிறுத்தைத்தோலைச் சுற்றிக்கொண்டு கோட்டுப் போட்ட மந்திரவாதிக்குப் பின்னால் நடப்பதுதான் பிழைப்பு. ஒழுங்கான இங்கிலீஷ் பேச விடவே முப்பது வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

ஃபால்கனுக்கு அதைவிட மரியாதை கிடைத்தது என்பார்கள். ஆமாம், 134-ஆம் இதழிலிருந்து, 1971-ல், அட்டையிலேயே பேர் போட்டார்கள்: 'கேப்டன் அமெரிக்காவும் ஃபால்கனும்'. நான் வங்கி குமாஸ்தா, இந்த 'உம்' எனக்கு நன்றாகத் தெரியும். கூட்டுக் கணக்கில் 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று ஒரு வகை இருக்கிறது. பாஸ்புக்கில் ரெண்டு பேர் இருக்கும். முதல் பேர்க்காரர் உயிரோடு இருக்கிறவரைக்கும் ரெண்டாமவர் சல்லிக்காசு எடுக்க முடியாது. சாமுக்குக் கேடயம் கைக்கு வந்தது 2014-ல், அதுவும் முதல் பேர்க்காரர் கிழவராகிப்போன பிறகு. நாற்பத்தைந்து வருஷம்! சரி, இனியாவது கணக்கு அவன் பேரில் ஓடுமா என்றால், 2016-ல் அவருக்குத் திரும்ப வாலிபம் வந்துவிட்டது.

இன்னொன்று. வல்லூறு என்று பேர் வைத்தார்களே, பறக்க விட்டார்களா? 1974 வரைக்கும் இறக்கை கிடையாது. பிறகு கருஞ்சிறுத்தை ராஜா செய்து கொடுக்கிறான், 170-ஆம் இதழில். இறக்கை வந்த மறுவருஷமே, 1975-ல், 186-ஆம் இதழில் அடித்தார்கள் பாருங்கள் ஒரு அடி. சாம் வில்சன் நிஜத்தில் நல்லவனே இல்லையாம். 'ஸ்னாப்' வில்சன் என்கிற ரவுடியாம். ரெட் ஸ்கல்தான் மந்திரக்கட்டியை வைத்து அவன் மனசை மாற்றி, கேப்டனுக்குப் பொருத்தமான கூட்டாளியாகச் செய்து அனுப்பினானாம்! தீவில் அடிமைகளைத் திரட்டினானே, அந்த மனசாட்சியும் அவனுடையது இல்லையாம். ஒரு நாஜியின் கைவேலையாம். ஹார்லெமில் சமூகப் பணியாளராக வேலை பார்த்த கறுப்பனை, உள்ளே சுரண்டினால் ரவுடிதான் என்று எழுத ஒரு இதழ் போதுமானதாக இருந்தது. பிற்பாடு வந்தவர்கள் இந்தக் கறையைக் கழுவ வேண்டியிருந்தது. அவன் தனிப்பேரில் நாலே நாலு இதழ் 1983-ல் தொடங்கியபோதுதான் ஜிம் ஔஸ்லி என்ற கறுப்பு இளைஞர் அவனை எழுதினார். பேனா யார் கையில் என்பதைப் பேசாமல் 'பிரதிநிதித்துவம்' பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

"சின்னப்பிள்ளைங்க படிக்கிற பொம்மைப் புத்தகம், இதுல என்னய்யா அரசியல்?" என்றும் கேட்பார்கள். சின்னப்பிள்ளைகளையே கேட்போம். ஃபாசெட் கம்பெனியின் 'கேப்டன் மார்வெல்' கதைகளில் 1942-ல் ஸ்டீம்போட் என்று ஒரு வேலைக்காரன் வந்தான். தடித்த உதடு, கோணல் பேச்சு, கறுப்பரைக் கேலி செய்ய என்னென்ன உண்டோ அத்தனையும். 1945-ல் நியூயார்க் பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் சேர்ந்து நேராகக் கம்பெனிக்கே போய்விட்டார்கள். சிரிப்புக்காக வெள்ளைக்காரர்களையும்தானே கோணலாக வரைகிறோம் என்றார் ஆசிரியர் வில் லீபர்சன். வெள்ளையரில் வீரர்களையும் வரைகிறீர்களே என்று திருப்பிக் கேட்டார்கள் பிள்ளைகள். ஸ்டீம்போட் முகத்தைப் பெரிசாக வரைந்து கையோடு கொண்டுபோயிருந்தார்கள். அதை மேசைக்கு முன்னால் நீட்டி, இது எங்கள் இனம் இல்லை, ஆனால் உங்கள் லட்சக்கணக்கான வாசகர்கள் இதைத்தான் எங்கள் இனம் என்று நம்பப்போகிறார்கள் என்றார்கள். அந்த வருஷத்தோடு ஸ்டீம்போட் கதையை விட்டுப் போனான்.